பிஎஃப் டிரஸ்ட் 42 கோடி: முதிர்ந்து வரும் பணத்தை எத்தனை வருடத்துக்குப் போடுவது?

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:

வணக்கமுங்க. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு ஆலையின் பிஎஃப் டிரஸ்ட், இபிஎஃப்ஓவில் (மத்திய வருங்கால வைப்பு நிதி அமைப்பு) கட்டாமல் பணத்தைத் தானே நிர்வகிக்க விலக்கு பெற்றது. நிதி 42 கோடி, உறுப்பினர்கள் 310 பேர். 2026 ஜூலை 9 அன்று 8.33% ஜி-செக் (மத்திய அரசுக் கடன் பத்திரம்) 3.5 கோடியும், நவம்பர் 24 அன்று 8.15% ஜி-செக் 2.5 கோடியும் முதிர்கின்றன. ஆக 6 கோடி கைக்கு வருகிறது. 2025 தொடக்கத்தில் 6.50% ஆக இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) டிசம்பரில் 5.25க்கு வந்துவிட்டது. பழைய வட்டிக்குப் புதுப் பத்திரம் எங்கும் கிடைப்பதில்லை.

நிதியின் சராசரி வருமானம் இப்போது 7.55%. இபிஎஃப்ஓ 2024-25க்கு அறிவித்தது 8.25%. அதற்குக் குறையாமல் உறுப்பினர் கணக்கில் ஏற்றியாக வேண்டும். இடையில் விழும் 0.70%, அதாவது 29.4 லட்சம், நிர்வாகம்தான் கட்ட வேண்டும். அதனால் மேலிருந்து நெருக்கடி.

கேள்வி மூன்று:

1. அந்த 6 கோடியை 30 வருடப் பத்திரத்தில் போட்டுக் கூடுதல் வட்டியைப் பிடிப்பதா, 5 வருடத்தோடு நிறுத்துவதா?

2. கையில் 9.20% ஜி-செக் 2030 முகமதிப்பில் 4 கோடி இருக்கிறது. அதை இன்றைய விலைக்கு விற்றால் வரும் லாபத்தில் இந்த வருடப் பற்றாக்குறையை அடைக்கலாம் என்று ஒரு தரகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சரிதானா?

3. மாநிலப் பத்திரம் என்றால் கேரளாவா, தமிழ்நாடா? இரண்டு மாநிலத்து ஆட்களும் டிரஸ்டியாக இருக்கிறார்கள், இதில் பேச்சு முடிவதே இல்லைங்க.

மீனாட்சிபுரம் பாண்ட்:

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொன்னால் அது குத்துமதிப்பாகத்தான் இருக்கும். வட்டி எங்கே போகும் என்பது யாருக்கும் பிடிபடாது. ஆனால் உங்கள் டிரஸ்டிலிருந்து பணம் எப்போது வெளியே போகும் என்பது உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டில் பிறந்த தேதிப் பத்தியை எடுங்கள், 58 வயது எந்த வருடம் நிறைகிறது என்று வரிசைப்படுத்துங்கள், ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே அவர்களது இன்றைய இருப்பைப் போடுங்கள். அதோடு கடந்த 5 வருட முன்பணம், இடையில் விலகியவர்கள் எடுத்த தொகை. முன்பணத்தில் மாத வாரியும் பாருங்கள். நம் பக்கத்தில் ஜூன் பள்ளிக்கூடத் திறப்பு, ஓணத்துக்கு முந்தின வாரங்கள், தை மாசக் கல்யாணம் மூன்றிலும் விண்ணப்பம் குவியும். அந்த மாதங்களில் கையில் ரொக்கம் இல்லையென்றால் நல்ல பத்திரத்தை அவசரத்துக்கு விற்க வேண்டியதாகிவிடும்.

பட்டியல் வருவதற்குள் காலம் நீண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணில் பார்த்துவிடுங்கள். 7% கூப்பன் (பத்திரத்தில் எழுதிய வட்டி), 100 ரூபாய் விலை, அரையாண்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். சந்தை வட்டி 8% ஆனால் 5 வருடப் பத்திரம் 95.94க்கு இறங்கும், 10 வருடம் 93.20க்கு, 30 வருடம் 88.69க்கு. வட்டி 6% ஆனால் 10 வருடம் 107.44க்கு ஏறும். ஏறும்போது 7.44, இறங்கும்போது 6.80 என்ற வித்தியாசம் பத்திரத்தின் விலைக்கோடு வளைந்திருப்பதால் வருவது. அது நமக்குச் சாதகமான வளைவு. ஆனால் விற்க வேண்டிய நாளில் வட்டி மேலே இருந்தால் இந்தச் சாதகம் கை கொடுக்காது.

இன்னொரு எண்ணும் முக்கியம். அதே 7% 10 வருடப் பத்திரத்தின் டியூரேஷன், அதாவது போட்ட பணம் திரும்பி வரும் சராசரிக் காலம், சுமார் 7.36 வருடம். ஏழு வருடம் நாலு மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய கடனுக்கு 10 வருடப் பத்திரம் ஏறக்குறையப் பொருந்தும். வட்டி ஏறினால் விலையில் இழப்பதை, இடையில் வரும் கூப்பனைக் கூடுதல் வட்டிக்குப் போட்டு மீட்கலாம். வட்டி இறங்கினால் அதுவே திருப்பி நடக்கும். நிறுவன முதலீட்டில் வட்டி அபாயத்தைக் கட்டுவது என்றால் இதுதான். கணிப்பு எதுவும் தேவையில்லை.

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:

பட்டியல் போட்டாச்சுங்க. ஆலை தொடங்கியபோது ஒரே சமயத்தில் சேர்ந்த தொகுதி பெரிது. 2029 முதல் 2032க்குள் 118 பேர் ஓய்வு பெறுகிறார்கள். அன்றைக்கு ஆளுக்குச் சராசரி 25 லட்சம் வரும், இன்றைக்கு 19 லட்சம். இப்போது சந்தா வரவு வருடம் 3.1 கோடி, வட்டி 3.2 கோடி, வெளியே போவது 2.4 கோடி. 2029க்குப் பிறகு மூத்தவர்கள் போகப் போகச் சந்தாவும் குறையும். எல்லாம் கழித்துப் பார்த்தால் 2029ல் 1.2 கோடி, 2030ல் 1.6, 2031ல் 2.0, 2032ல் 2.4 கோடி துண்டு விழுகிறது. கையில் இருக்கும் மற்ற பத்திரங்கள் பெரும்பாலும் 2034க்குப் பிறகு முதிர்பவை.

மீனாட்சிபுரம் பாண்ட்:

இப்போது படம் தெளிவு. நான்கு வருடத் துண்டு 7.2 கோடி. சம்பளம் கூடும், சிலர் முன்கூட்டியே விலகுவார்கள், அதற்காக 25% சேர்த்து 9 கோடி என்று வையுங்கள். வருட வாரியாக 1.5, 2.0, 2.5, 3.0 கோடி முதிர வேண்டும்.

உங்கள் 9.20% பத்திரம் 2030 செப்டம்பர் 30 அன்று முதிர்கிறது. 4 கோடி. 2030க்கான 2 கோடியும் 2031ல் 2 கோடியும் அதிலேயே அடங்கிவிடும். தரகர் விற்கச் சொல்வது, உங்களுக்கு மிகவும் தேவைப்படும் வருடத்தில் வந்து சேரும் பத்திரத்தைத்தான்.

மீதி 5 கோடியை இந்த வருடம் வரும் 6 கோடியிலிருந்து கட்டிவிடலாம்: 2029ல் முதிர்வது 1.5 கோடி, 2031ல் 0.5, 2032ல் 3 கோடி. நம் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு ஆளியாற்றுத் தண்ணீரை முறை வைத்து விடுவதுபோல, எந்தப் போகத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்து வைப்பது. அணையில் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் நாற்று நடும் வாரத்தில் மதகு திறக்காவிட்டால் பயிர் கருகும். ஓய்வு பெறுவோர் ஏப்ரலிலேயே வந்து நிற்பார்கள், பத்திரம் செப்டம்பரில் முதிரும். அந்த ஐந்து மாத இடைவெளிக்கு 2029 தொகையில் கொஞ்சத்தை 182 நாள் கருவூல உண்டியலில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) சுழற்றி வையுங்கள்.

30 வருடப் பத்திரம் உங்களுக்குக் கூடவே கூடாது என்றில்லை. 118 பேரின் இன்றைய இருப்பு சுமார் 22 கோடி. மீதி 20 கோடி இளையவர்களின் பணம், அதில் ஒரு பகுதி நீண்ட காலத்துக்குப் போகலாம். ஆனால் மூத்தவர்களின் பணத்தை அங்கே கொண்டுபோனால் நடப்பது இது: 2 கோடிக்கு 7% 30 வருடப் பத்திரம் வாங்கி, ஐந்து வருடம் கழித்து வட்டி 8% ஆக இருக்கும் நாளில் விற்றால் விலை 89.26. இழப்பு 21.5 லட்சம். ஐந்து வருடமாகப் பிடித்த கூடுதல் வட்டியையெல்லாம் அது விழுங்கிவிடும்.

ஒரு விதியும் நினைவில் இருக்கட்டும். விலக்கு பெற்ற டிரஸ்ட்களுக்கு அரசு வகுத்த முதலீட்டு முறையில் சொல்லும் சதவீதம் அந்த வருடப் புது வரவுக்கு. சந்தா, வட்டி, முதிர்வுத் தொகை எல்லாம் கூட்டி, கட்டாயச் செலவைக் கழித்தது. உங்களுக்கு 3.1 + 3.2 + 6.0 − 2.4 = 9.9 கோடி. அரசுப் பத்திரம் 45% குறையாமல் என்றால் 4.46 கோடி. பங்கு சார்ந்தது 5 முதல் 15%, அதாவது 49.5 லட்சம் முதல் 1.485 கோடி வரை. முதிர்ந்த 6 கோடியை மட்டும் வைத்துச் சதவீதம் போடுவது பல டிரஸ்ட்களில் நடக்கும் தவறு. தணிக்கையில் மாட்டும்.

வேலந்தாவளம் தணிக்கை:

இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். தயவுசெய்து அந்தப் பத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

நாலரை வருடம் மீதம், சந்தை வட்டி 6.5% என்று எடுத்தால் 9.20% பத்திரத்தின் விலை சுமார் 110.39. 4 கோடிக்கு 41.56 லட்சம் அதிகம். தரகர் இதை லாபம் என்கிறார். அது வருங்காலக் கூப்பன்களின் இன்றைய மதிப்பு. இனி வருடா வருடம் வரவேண்டிய 2.70% அதிக வட்டியை மொத்தமாக இன்றைக்கே எடுத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

விற்றபின் என்ன ஆகும் என்று இரண்டு வழியில் பாருங்கள். வந்த 4.4156 கோடி முழுவதையும் 6.5%க்குத் திரும்பப் போட்டால் வருட வட்டி 28.7 லட்சம். முன்பு 36.8 லட்சம். முடிவில் முதல் கூடுதலாக இருக்கும், அதனால் மொத்தத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, தரகுச் செலவு மட்டும் மிச்சம். ஆனால் உங்கள் ஆட்கள் அந்த 41.56 லட்சத்தை இந்த வருட வட்டியாகப் பங்கிடப் போகிறார்கள். அப்போது திரும்பப் போடுவது வெறும் 4 கோடி, வட்டி 26 லட்சம். வருடத்துக்கு 10.8 லட்சம் குறைவு, நாலரை வருடத்தில் 48.6 லட்சம். இந்த வருடம் 29.4 லட்சமாக இருக்கும் பற்றாக்குறை அடுத்த வருடம் மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் 40 லட்சத்தைத் தாண்டும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் வேலை இது. டிரஸ்டி கூட்டத்தில் தரகர் எழுதிக் கொடுத்த தாளின் பக்கத்தில் இந்த எண்களையும் வைத்து, குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். அந்தப் பத்திரத்தை முதலில் என்ன விலைக்கு வாங்கினீர்கள்? உதாரணமாக, 10 வருடம் மீதமிருக்கும்போது 107க்கு வாங்கியிருந்தால் அந்த 7 ரூபாயை வருடம் 70 காசு வீதம் கழித்து வந்திருக்க வேண்டும். 9.20 கூப்பன் முழுவதையும் வருமானமாகக் காட்டி, முதிர்வு அன்று 7 ரூபாய் நட்டம் எழுதும் கணக்குகள் இருக்கின்றன. கூப்பனைப் பார்த்துச் சராசரி போட்டிருந்தால் உங்கள் 7.55% என்பதே சரியில்லாமல் போகலாம். ஒவ்வொரு பத்திரத்துக்கும் வாங்கிய ஈல்டை (வாங்கிய விலைக்கு முதிர்வு வரை கிடைக்கும் வருமான வீதம்) வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

8.25%க்கு எதிராக அரசுப் பத்திரம் மட்டும் வைத்து யாராலும் ஈடு கொடுக்க முடியாது. இபிஎஃப்ஓவே 2015 ஆகஸ்டிலிருந்து இடிஎஃப் (பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் நிதி) வழியாகப் பங்குச் சந்தையில் போட்டு வருகிறது. அனுமதிக்கப்பட்ட பங்குப் பகுதியைப் பல வருடமாகக் காலியாக வைத்திருக்கும் டிரஸ்டுக்குப் பற்றாக்குறை வருவது இயல்பு. அந்த இடைவெளியை அடைக்கத் தரம் குறைந்த கம்பெனிப் பத்திரத்துக்குப் போவதுதான் ஆபத்து. 2018ல் ஐஎல்அண்ட்எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறுவதற்குச் சில வாரம் முன்புவரை மூன்று ‘ஏ’ தரத்தில் இருந்தது. அடுத்த வருடம் வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் தவறியது. கடன் தரம் சொல்லும் இரண்டு நிறுவனங்களின் ‘ஏஏ’ என்பது வாசலில் நுழைய அனுமதி மட்டுமே. தரகரின் தாளில் ஈல்டு மற்றவற்றைவிட 1% கூடுதலாகத் தெரிந்தால், அந்த 1% எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கால் ஆப்ஷன் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. வங்கிகளின் சில பத்திரங்களை ஐந்தாம் வருடம் அவர்களே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வட்டி இறங்கியிருக்கும் காலத்தில்தான் எடுப்பார்கள், அப்போதுதான் உங்களுக்கு மறுமுதலீடு கடினம். 10 வருடம் என்று முதிர்வு ஏணியில் (எந்த வருடம் எது முதிரும் என்ற வரிசை) எழுதி வைத்த படி பாதியிலேயே கழன்றுவிடும்.

பாலக்காட்டு ஜி-செக்:

மேலே எழுதியவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். ரெப்போ இறங்குமுகத்தில் இருக்கும்போது நீண்ட காலப் பத்திரம் வாங்கினால் விலை ஏறும், 20 வருடத்துக்கு வட்டியும் கட்டிப்போடலாம். இதை விட்டால் அடுத்த சுற்று எப்போது வருமோ?

மீனாட்சிபுரம் பாண்ட்:

வட்டியைக் கட்டிப்போடுவது என்ற வாதம் இளையவர்களின் 20 கோடிக்குச் சரி. விலை ஏறும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. 2025 ஜூனில் என்ன நடந்தது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி ஒரே நாளில் ரெப்போவை 50 புள்ளி (100 புள்ளி என்றால் 1%) குறைத்து 5.50 ஆக்கியது, சிஆர்ஆரையும் (வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க விகிதம்) 1% குறைப்பதாக அறிவித்தது. ஆனால் கொள்கை நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றிவிட்டது. இனி குறைக்க இடம் அதிகமில்லை என்று சந்தை புரிந்துகொண்டது. குறுகிய கால வட்டி இறங்கியது, நீண்ட கால வட்டி அதற்குப் பிந்தைய மாதங்களில் ஏறியது. ரெப்போ குறைந்த செய்தியைப் பார்த்து 30, 40 வருடப் பத்திரம் வாங்கியவருக்கு விலை இறங்கியதுதான் மிச்சம்.

காரணம் எளிது. ரெப்போ ஒரு நாள் கடனின் விலை. 30 வருட வட்டியை நிர்ணயிப்பது அரசு எவ்வளவு நீண்ட காலக் கடன் வாங்குகிறது, இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஓய்வூதிய நிதிகளும் எவ்வளவு வாங்கத் தயார், பணவீக்கம் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பவை. 2022 மேயில் திடீரென ரெப்போவை 4.00லிருந்து 4.40க்கு ஏற்றத் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.50க்குக் கொண்டுபோனதையும் மறக்க வேண்டாம். 2021ல் இறங்குமுகம் தொடரும் என்று நம்பி நீளமாக வாங்கியவர்களின் ஏடு இன்னும் இருக்கிறது.

ஏறும் பக்கத்துக்கும் ஏதாவது வேண்டுமென்றால் மிதக்கும் வட்டிப் பத்திரம் கொஞ்சம் வைக்கலாம். எஃப்ஆர்பி 2033ன் கூப்பன் கடைசி மூன்று 182 நாள் உண்டியல் ஏலங்களின் சராசரியோடு 1.22% சேர்த்து, அரையாண்டுக்கு ஒருமுறை மாறும். வட்டி இறங்கும்போது வருமானமும் இறங்கும், அதனால் 8.25ஐத் துரத்தும் டிரஸ்டுக்கு இது சிறு பகுதி மட்டுமே.

நீண்ட காலப் பகுதியை ஒரே நாளில் வாங்காமல் நாலைந்து ஏலமாகப் பிரியுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னது இதற்கும்தான்.

நகரி புத்தூர்:

மூன்றாவது கேள்விக்கு ஆந்திர எல்லையிலிருந்து. எங்கள் பக்கத்திலும் ஆந்திராவா தமிழ்நாடா என்று இதே பேச்சுத்தான். மாநிலக் கடன் பத்திரம் எல்லாமே ரிசர்வ் வங்கி ஏலம் விடுவது. வட்டியும் முதிர்வும் மாநிலத்தின் கணக்கிலிருந்து ரிசர்வ் வங்கியே எடுத்துக் கொடுக்கும். அதனால் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே காலத்துக்கு ஈல்டு வித்தியாசம் மிகச் சிறிதாகவே இருக்கும். ஊர்ப்பாசத்தை விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டிய 2032ல் முதிர்வது எது, அதில் எது மலிவு என்று பாருங்கள். ஒரே மாநிலத்தில் குவிக்காமல் இருந்தால் போதும்.

குழப்பம் வரக்கூடிய இடம் வேறு. மாநிலக் கடன் பத்திரம் வேறு, மாநில அமைப்பு வெளியிட்டு மாநிலம் உத்தரவாதம் தரும் பத்திரம் வேறு. 2018 ஆகஸ்டில் ஆந்திரத் தலைநகர வளர்ச்சி ஆணையம் அமராவதிக்காக 2,000 கோடி திரட்டிய பத்திரத்தின் கூப்பன் 10.32%. அதே காலத்தில் மாநிலக் கடன் பத்திரங்கள் எட்டரை சதவீதத்தை ஒட்டி இருந்தன. அந்த இடைவெளியே இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிவிடுகிறது. டிரஸ்டி கூட்டத்தில் ‘கவர்ன்மென்ட் பாண்ட்’ என்று ஒரே பெயரில் இரண்டையும் எழுதாதீர்கள்.

வாங்கும்போது கவனம். அரசுப் பத்திரங்களின் மின்னணுச் சந்தையான என்டிஎஸ்-ஓஎம்மில் வழக்கமான அளவு 5 கோடி. உங்கள் 1.5 கோடி, 50 லட்சம் எல்லாம் சில்லறை அளவு, விலை மோசமாகத்தான் சொல்வார்கள். 25 காசு சின்னதாகத் தெரியும். 1 கோடிக்கு அது 25,000 ரூபாய். 10 வருடப் பத்திரத்தில் 25 காசு என்றால் ஈல்டில் மூன்றரைப் புள்ளி, 2 வருடப் பத்திரத்தில் ஏறக்குறைய 14 புள்ளி. குறுகிய பத்திரத்தில்தான் அதிகமாக ஏமாறுவோம். மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஈல்டாகவும் விலையாகவும் இரண்டும் எழுதி வாங்குங்கள், அன்றைய வியாபார விலையை சிசிஐஎல் (பத்திர வியாபாரத்தைத் தீர்த்து வைக்கும் நிறுவனம்) தளத்தில் ஒப்பிடுங்கள்.

இதைத் தவிர்க்க நல்ல வழி ஏலத்தில் போட்டியில்லா விண்ணப்பம். பிஎஃப் டிரஸ்ட்களுக்கு அனுமதி உண்டு. விலை எழுத வேண்டாம், ஏலத்தின் சராசரி விலையில் கிடைக்கும். மத்திய அரசுப் பத்திரத்தில் ஒரு ஏலத்துக்கு 2 கோடி வரை. மாநிலப் பத்திரத்தில் அறிவித்த தொகையில் 1% வரை. உங்களுக்காக விண்ணப்பிக்கும் வங்கியோ முதன்மை டீலரோ 100 ரூபாய்க்கு 6 காசுக்கு மேல் வாங்கக் கூடாது. வழக்கமாக மாநில ஏலம் செவ்வாய், மத்திய அரசு ஏலம் வெள்ளி, மறு வேலை நாளில் பணம் கட்ட வேண்டும். 2032க்கான 3 கோடியை மாநில ஏலத்தில் இரண்டு மூன்று வாரமாகப் பிரித்தால் சந்தையில் சில்லறை விலை கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் 2029ல் முதிர்வதற்குப் பழைய பத்திரத்தைச் சந்தையில்தான் தேட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக் கணக்கு:

மிக்க நன்றிங்க எல்லோருக்கும். 9.20 விற்பதில்லை என்று குறிப்பு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும்: சந்தையில் பழைய பத்திரம் வாங்கும்போது விலைக்கு மேல் ஒரு வட்டித் தொகையும் கட்டச் சொல்கிறார்கள். அதை எங்கே எழுதுவது?

வேலந்தாவளம் தணிக்கை:

அது விற்பவருக்குச் சேர வேண்டிய வட்டி. கூப்பன் தேதியிலிருந்து 120 நாள் கழித்து 7% பத்திரம் 1 கோடிக்கு வாங்கினால், மாதம் 30 நாள், வருடம் 360 என்ற கணக்கில் 2,33,333 ரூபாய். பத்திரத்தின் விலையோடு சேர்க்காதீர்கள், தனியாக ‘வாங்கியபோது கட்டிய வட்டி’ என்று எழுதுங்கள். அடுத்த கூப்பன் 3,50,000 வரும்போது அதில் கழித்தால் மீதி 1,16,667 மட்டுமே டிரஸ்டின் வருமானம். மார்ச் 31 இடையில் வந்தால், அன்று வரை சேர்ந்த வட்டியிலும் கட்டியதைக் கழித்துவிட்டுத்தான் வருமானம் காட்ட வேண்டும். பத்திரம் கில்ட் கணக்கில் (டிரஸ்டின் அரசுப் பத்திரங்கள் இருக்கும் கணக்கு) ஏறியதற்கான அறிக்கையை அதே நாளில் வாங்கி இந்தப் பதிவோடு கோத்து வையுங்கள்.